முழுமை செய்யவா?

ஐந்து ஐம்பதுக்கு எழுவேன். கதவுக் கைப்பிடியில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பேன். பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போடுவேன். முன்பு இரண்டு. குளித்துவிட்டுச் சட்டையை இஸ்திரி போடுவேன். ஆறு நாற்பதுக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரு கோப்பைத் திறப்பேன். நாற்பத்தொரு விநாடி ஓடும். முடிந்ததும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போவேன். பதினொரு மாதமாக இப்படித்தான்.

கோப்பில் இருப்பது என் மனைவி வான்மதியின் குரல்.

மதி, வடசென்னையைத் தாண்டி இறால் உறைய வைக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தாள். சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு அங்கே அமோனியா கசிந்தது. இருவர் இறந்தார்கள். மதி, இருபத்தொன்பது வயது. ரூபன் என்ற லோடிங் ஆள், இருபத்திரண்டு வயது.

கசிவு தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் மதி என்னை மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் கட் செய்தேன். நான் கட் செய்தால் என் போன் தானாக ஒரு செய்தி அனுப்பும். 'மீட்டிங்கில் இருக்கிறேன். பிறகு அழைக்கிறேன்.' மூன்றாவது முறை அவள் குரல் பதிவு ஒன்றை விட்டாள்.

எங்கள் பேச்சு, படம் எதுவும் வெளிக் கம்பெனிகளின் கையில் இருக்கக் கூடாது என்பது அவள் கட்டளை. எல்லாம் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் சேரும். அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். "ஒண்ணு போனா இன்னொண்ணு" என்பாள்.

அவள் இறந்த அதே வாரம், அந்தப் பதிவை நான் கேட்பதற்கு முன்பே, மின்சாரம் ஏறி இறங்கி அந்தப் பெட்டியின் மதர்போர்டு புகைந்தது. புது போர்டு வாங்கினேன். இப்போது வரும் போர்டுகளில் பழைய டிஸ்க்கை மாட்ட இடமே கிடையாது. ஒரு கன்வெர்ட்டர் கேபிள் கொடுத்தார்கள். ஒரு டிஸ்க்கை மட்டும் மாட்டலாம். முதலில் மாட்டியது டக் டக் என்று அடித்துக்கொண்டது. பயந்து கழற்றிவிட்டேன். மற்றது சத்தமில்லாமல் ஓடியது. அதையே வைத்துக்கொண்டேன்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. 'டிஸ்க்கில் சேதம் உள்ளது. முழுமை செய்யவா?'

ஆம் என்று அமுக்கினேன். இரண்டு நிமிடம் ஆனது. கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சை முத்திரை ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் குரல் பேசியது.

'சேந்தா, போனை எடு. யாரோட தப்பும் இல்ல. என் தப்புதான். நீங்க கவலைப்படாதீங்க. உங்களை ரொம்ப நேசிக்கிறேன்.'

நடுவில் இருமல், மூச்சு, ஒரு நீண்ட இடைவெளி.

ஆறு வருடம் என்னை 'டா' போட்டுத்தான் பேசினாள். சாகும்போது மரியாதை வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோப்பை விபத்து பற்றிய அரசு விசாரணைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கடைசிவரை பொறுப்பாக இருந்தாள் என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

*

செவ்வாய்க்கிழமை விசாரணையின் கடைசிக்கு முந்தைய அமர்வு. அரசுக் கட்டிடத்தின் இரண்டாம் மாடி. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு தட்டச்சர். கிடங்கின் வழக்கறிஞர் எழுந்து, ஊட்டியில் அறை பதிவு செய்பவர் போல நிதானமாகப் பேசினார்.

"இறந்த ரெண்டு பேருமே தங்கள் தவறைத் தங்கள் வாயாலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், ஐயா. ரெண்டு பதிவுக்கும் முத்திரை இருக்கு. ரெண்டையும் குடும்பத்தாரே கொடுத்திருக்காங்க. நிர்வாகத்தின் மேல் குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது?"

விசாரணை அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை கடைசி அமர்வு, அன்றே அறிக்கை கையெழுத்தாகும் என்றார். அறிக்கையின்படி விபத்துக்குக் காரணம், ஷிப்ட் இன்ஜினியர் வான்மதியின் கவனக்குறைவு.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ரூபனின் அம்மா அந்தோணியம்மா வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார். காசிமேட்டில் மீன் விற்பவர்.

"இன்னா தம்பி, துன்னியா?"

"பசிக்கலம்மா."

"பசிக்காது. எனக்கும் தான் பசிக்கல. நா துன்னுட்டேன்." போனை எடுத்தார். "இத்த கேளு. எம்புள்ள பேசுனதாம். உடைஞ்ச போன கடையில குடுத்தேன், அவன் கம்ப்யூட்டர்ல மாட்டி எட்த்துக் குட்த்தான். இதத்தான் உள்ள வச்சிக்கினு அந்தக் கோட்டுக்காரன் ஆடுறான்."

அமுக்கினார். ஓர் இளைஞனின் கரகரத்த குரல்.

'யம்மா. யாரோட தப்பும் இல்ல. என் தப்புதான். நீங்க கவலைப்படாதீங்க. உங்களை ரொம்ப நேசிக்கிறேன்.'

நடுவில் இருமல், மூச்சு, ஒரு நீண்ட இடைவெளி.

"மறுபடி போடுங்க" என்றேன்.

போட்டார். அதே இடத்தில் இருமல். அதே நீளத்தில் இடைவெளி. குரல் மட்டும் வேறு.

"இது எம்புள்ள இல்லன்னு மொத நாளே சொன்னேன்" என்றார் அந்தோணியம்மா. "அவன் என்னிய 'ஏ கெய்வி'ன்னுதான் கூப்புடுவான். நேசிக்கிறேனாம். காசிமேட்டுல எவன் இப்டி பேசுறான்? சொன்னா, வயித்தெரிச்சல்ல பேசுது இந்தம்மான்னு உக்கார வச்சிட்டானுங்க. மீன் விக்கிற பொம்பளைக்கு முத்திரையப் பத்தி இன்னா தெரியும்?"

என் போனில் இருந்த கோப்பைத் திறந்து அவர் காதருகே வைத்தேன். நாற்பத்தொரு விநாடியும் கேட்டார். முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"நீ படிச்ச புள்ளதானே?"

"ஆமா."

"பதினோரு மாசமா இத்தையா கேட்டுக்கினு இருந்த?"

"வீட்ல இன்னொரு டிஸ்க் இருக்கும்மா. அதுல பாக்கறேன்" என்றேன். பதினொரு மாதத்தில் முதல் முறையாகக் கோபம் வந்தது.

*

வீட்டில் பழைய பெட்டியின் திருகுகளைக் கழற்றினேன். சத்தம் போட்ட டிஸ்க் உள்ளேயே இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் ரிச்சி தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் பெயர். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போனேன்.

மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நான்கடி இடம். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் காதில் பென்சில் செருகிக்கொண்டு பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நசீமா. கடை அவருடையது.

டிஸ்க்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது நான் வித்தது. ரெண்டு வாங்குன பொண்ணு. ஒரே கம்பெனி ரெண்டு குடுத்தேன், வேணாம்னுடுச்சு. ஒரே லாட்ல வந்தது ஒரே நாள்ல சாகும், வேற வேற கம்பெனி குடுங்கன்னு முக்கா மணி நேரம் என் உயிர வாங்குச்சு. நல்லாருக்கா அது?"

"செத்துட்டா."

பொட்டலத்தை மூடி ஓரமாக வைத்தார். நடந்ததைச் சொன்னேன். படிக்கட்டில் கேட்டதையும் சொன்னேன்.

"அதான் முழுமை" என்றார். "புது போர்டு எல்லாத்துலயும் அது இருக்கு. பழைய டிஸ்க்க மாட்டுனா, எந்த எடத்துல படிக்க முடியலயோ அங்க என்ன இருந்திருக்கும்னு அதுவே ஊகிச்சு எழுதிரும். கல்யாண போட்டோல பாதி மூஞ்சி அழிஞ்சிருந்தா மீதிய வரைஞ்சு குடுக்கும். ஜனங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

"குரலையும் எழுதுமா?"

"மொதல்ல இருக்குற ரெண்டு விநாடில இருந்து குரல எடுத்துக்கும். என்ன பேசணும்ங்கறது அதுகிட்ட தயாரா இருக்கு. சாகப் போறவங்க பேசுன பதிவு லட்சக்கணக்குல அதுக்கு ஊட்டியிருக்காங்க. அதுல எது அதிகமோ அதச் சொல்லும்."

"எது அதிகம்?"

"மன்னிப்பு. இந்த ஊர்ல சாகப் போறவன்கூட மன்னிப்பு கேட்டுட்டுத்தான் சாவுறான். மிஷின் அதக் கத்துக்கிச்சு."

கடைக்கு வெளியே யாரோ ஒரு மானிட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வழி விடச் சொல்லிக் கத்தினார். நானும் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை.

"நிறுத்த ஸ்விட்ச் இல்லையா?"

"இல்ல. கேள்வி ஒண்ணு கேக்கும். 'பிறகு'ன்னு அமுக்கணும். நீங்க என்ன அமுக்குனீங்க?"

"ஆம்."

"கேள்வியப் படிச்சீங்களா?"

"படிச்சேன். முழுமை செய்யவான்னு கேட்டா யாரு வேணாம்னு சொல்லுவாங்க, அக்கா?"

"அதான் அப்டி எழுதி வச்சிருக்கான். இல்லாதத நான் எழுதட்டுமான்னு கேட்டா நீங்க வேணாம்னுருப்பீங்க." நசீமா டிஸ்க்கை என் எதிரில் வைத்தார். "வீட்ல ஓடுதே அந்த டிஸ்க், அத மறந்துருங்க. ஊகிச்சதை அது மேலயே எழுதிருச்சு. இனி அதுல இவ இல்ல. சத்தம் போட்டுச்சே, இதுலதான் இருந்தா இருப்பா."

கடையின் மூலையில் அட்டைப் பெட்டிமேல் திறந்தபடி ஒரு பழைய மதர்போர்டு கிடந்தது. முழுமை வருவதற்கு முன்னால் வந்தது. அதன் ஃபேன் கழன்று தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. நசீமா டிஸ்க்கில் தட்டைக் கேபிளைச் செருகி, போர்டில் ஒன்று என்று எண் போட்ட இடத்தில் மாட்டினார். மின்சாரம் கொடுத்ததும் டக் டக் என்று அடித்தது.

"அடிக்கட்டும். உயிரு இருக்கு."

எழுத விடாமல் படிக்க மட்டும் செய்யும்படி கட்டளை கொடுத்தார். திரையில் கட்டம் கட்டமாக வந்தது. படிக்க முடிந்தது வெள்ளை. முடியாதது கறுப்பு. ஒவ்வொரு கறுப்புக்கும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது. சில கறுப்பு வெள்ளையானது. பிரியாணியில் பாதியை ஒரு மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். சாப்பிட்டேன். அது காலையா மதியமா தெரியவில்லை. மூன்றரை மணிக்கு நின்றது.

"நாப்பத்தியொண்ணுல முப்பது விநாடி வந்துருக்கு. நடுவுல ஏழும் நாலும் இல்ல. வராதது வராது." ஹெட்போனைக் கொடுத்தார். "நான் டீ சொல்லிட்டு வரேன்."

கேட்டேன். ஒருமுறை. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்தேன்.

நசீமா டீயோடு வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நாளைக்கு இத ஏத்துக்க மாட்டாங்க, தம்பி. முத்திரை இல்ல."

"முத்திரை எப்படி வாங்குறது?"

"புது போர்டுல ஒரு தடவ மாட்டணும். ஓட்டை இருக்குறதுக்கு முத்திரை குடுக்காது. அந்தப் பதினோரு விநாடிய அது நிரப்பும். மீதி முப்பது அவ பேசுனது அப்டியே இருக்கும். பதினோரு விநாடி தானே. கேஸ் ஜெயிச்சுரும்."

"என்ன போட்டு நிரப்பும்?"

"யாருக்குத் தெரியும்? ஒரு மன்னிப்பு போடும். ஒரு நேசிக்கிறேன் போடும்."

"வேணாம்."

"யோசிச்சு சொல்லுங்க."

"ஒரு தடவை ஆம் அமுக்கியாச்சு, அக்கா. போதும்."

*

வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். பால், காபி, குளியல், சட்டை. ஆறு நாற்பதுக்குப் பச்சை முத்திரை போட்ட கோப்பை அழித்தேன். டம்ளரைக் கழுவினேன்.

பதினொரு மாதமாக நான் கேட்டது என்னை மன்னித்த குரல். கட் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாத குரல். அது எனக்கு வசதியாக இருந்தது. அந்த வசதிக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று ரிச்சி தெருவில் தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போது தெரிந்தது. வரிசை கொஞ்சம் நீளம். முதல் ஆள் நான்.

அந்தோணியம்மா படிக்கட்டிலேயே நின்றிருந்தார்.

"கெட்ச்சுதா?"

"கிடைச்சுது. உங்க ரூபனைப் பத்தி இருக்கு." சொல்லிவிடுவதே நல்லது என்று சொன்னேன். "அவன் உள்ள மாட்டிக்கிட்டான். மதி வெளியிலதான் இருந்திருக்கா. அவனை எடுக்கத்தான் உள்ள போயிருக்கா."

அந்தோணியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழவில்லை. வெயில்.

"ஓடி வந்துருக்கலாமே அது" என்றார்.

"வந்திருக்கலாம்."

"எம்புள்ளைக்காவ போச்சா." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள இன்னா பேசுனான்னு அந்த போன்ல இனிமே கெடைக்காதா தம்பி?"

"கிடைக்காதும்மா. மேல எழுதிட்டாங்க."

"சரி. வுடு. இல்லன்னா இல்லன்னே இருக்கட்டும். எவனோ பேசுறத எம்புள்ளன்னு வச்சிக்கறதுக்கு இது பரவால்ல." முதல் ஆளாகப் படியேறினார்.

உள்ளே அதிகாரியிடம் என் பழைய பதிவைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். அது என் மனைவி பேசியது இல்லை, போர்டு ஊகித்தது என்றேன். ரூபனின் பதிவையும் என்னுடையதையும் ஒன்றாக ஓட்டிக் கேட்கச் சொன்னேன். வழக்கறிஞர் எழுந்தார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு இரண்டையும் ஓட்டினார். இரண்டு குரல்கள் ஒரே இடத்தில் இருமின. தட்டச்சர் கையை விசைகளிலிருந்து எடுத்துவிட்டார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "சரி. உங்ககிட்ட இருக்கறது?"

"அசல் டிஸ்க். முத்திரை கிடையாது."

"முத்திரை இல்லாத பதிவை என்னால எடுத்துக்க முடியாது, மிஸ்டர் சேந்தன். விதி அப்படி. ஒரு தடவை போர்டுல மாட்டிக் கொண்டுவாங்க, மதியம் வரை தரேன்."

"மாட்ட மாட்டேன்."

"அப்ப நான் என்ன செய்யறது?"

வழக்கறிஞர் மெல்லச் சிரித்தார். "துக்கத்தில் இருக்கிறவர், ஐயா. புரிகிறது."

அந்தோணியம்மா பின்பெஞ்சிலிருந்து பேசினார். "ஏன் சார், நாங்க வாயால சொன்னா எழுதிக்குவீங்களா? போன தபா நா திட்டுனதக் கூட அந்தம்மா டைப் அடிச்சிச்சே."

அதிகாரி தட்டச்சரைப் பார்த்தார். தட்டச்சர் தலையாட்டினார். இந்த அறையில் சாட்சி வாயால் சொல்வது எதுவாக இருந்தாலும் சொன்னபடியே பதிவாக வேண்டும். அதற்கு முத்திரை தேவையில்லை. முத்திரையைக் கண்டுபிடிப்பதற்கு முந்தைய விதி, யாரும் நீக்காமல் விட்டிருந்தார்கள்.

"பதிவை எடுத்துக்க முடியாது" என்றார் அதிகாரி. "நீங்க கேட்டதை நீங்க சொல்லலாம். கேட்டதை மட்டும்."

எழுந்து நின்றேன். ஒரே ஒருமுறை கேட்டதுதான். மறந்துவிடும் என்ற பயம் இல்லை.

"அவங்க பேசுனபடியே சொல்றேன். நீங்க அப்படியே அடிக்கணும்" என்றேன் தட்டச்சரிடம்.

"சொல்லுங்க சார்."

"சேந்தா, போனை எடு. அமோனியா கசியுது. அலாரம் அடிக்கல. சென்சார் வேலை செய்யலன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தாச்சு, மூணு தடவையும்."

நிறுத்தினேன். தட்டச்சர் காத்திருந்தார். "மூணு தடவையும்?"

"அதுக்கப்புறம் ஏழு விநாடி இல்லை."

"அங்க என்ன சார் போடறது?"

"ஒண்ணும் போடாதீங்க. இடம் விடுங்க."

"எவ்வளவு இடம்?"

"நாலு வரி."

அவர் நான்கு முறை விசையைத் தட்டினார். அறையில் அது மட்டும் கேட்டது.

"ரூபன் மூணாம் ரூம்ல மாட்டிக்கிட்டான். இறால் திருடு போகுதுன்னு வெளியில பூட்டி வச்சிருக்கானுங்க, பாவிங்க. சாவி மேனேஜர்கிட்ட. மேனேஜர் இன்னும் வரல. பின்னாடி லோடிங் கதவு இருக்கு, நான் அப்படிப் போறேன். நூத்தியெட்டுக்கு நீ அடி, எனக்கு லைன்."

"லைன்?"

"நாலு விநாடி இல்லை. இடம் விடுங்க."

வழக்கறிஞர் எழுந்தார். "ஐயா, இது ஒரு கணவரின் கற்பனை. இதற்கு ஆதாரம்?"

"கிடங்கோட கடிதப் பதிவேட்டை வரவழைங்க" என்றேன். "மூணு கடிதம் இருக்கும். பூட்டு ரெஜிஸ்டரையும் கேளுங்க. கற்பனையா இருந்தா நடுவுல ரெண்டு ஓட்டை விட்டிருக்க மாட்டேன். டிஸ்க் வேணும்னா இதோ இருக்கு. உங்க போர்டுல மட்டும் மாட்டாதீங்க."

டிஸ்க்கை மேஜைமேல் வைத்தேன். அதிகாரி அதை உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, கையெழுத்துக்காக வைத்திருந்த அறிக்கையின் மேல் மூடியைத் திறக்காமலே வைத்தார். இரண்டு பதிவேடுகளையும் திங்கட்கிழமைக்குள் கொண்டுவரச் சொன்னார். வழக்கறிஞரின் முகத்தைப் பார்க்க நான் திரும்பவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் அதிகாரி.

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். வழக்குக்குத் தேவையானது முடிந்துவிட்டது. மீதி எனக்கு மட்டும் உரியது. அதைச் சொன்னால் நாளைக்கு அந்த வழக்கறிஞரே அதை எடுத்து என்னை அடிக்கலாம்.

ஆனால் அதை விட்டால் நானும் ஒரு ஓட்டையை எனக்குப் பிடித்தபடி அடைத்தவன் ஆவேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன். "அந்த நாலு விநாடிக்கு அப்புறம் அவங்க போன்ல ஒரு சத்தம். மெசேஜ் வந்த சத்தம். நான் கட் பண்ணதும் என் போன் அனுப்பினது, கொஞ்சம் லேட்டா போயிருக்கு. அதைப் படிச்சிருக்காங்க. படிச்சுட்டு ஒண்ணு சொல்லிட்டு உள்ள போனாங்க. அதோட பதிவு முடியுது."

"சொல்லுங்க" என்றார் தட்டச்சர். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

என் வாயால் அவள் குரலில் சொல்ல வராது. சொற்களை மட்டும், அவள் சொன்ன வரிசையில், அவள் வைத்த கோபம் தவறாமல் சொன்னேன்.

"மீட்டிங்காம். பெரிய மீட்டிங்கு."